மேல்கணக்கு

எங்கள் பக்கம் தோட்டத்தின் பிரிவுக்கும்
கணக்கு என்றுதான் பேர்.
மேல்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்கு.
தலவாக்கலைக் கிளையில்
அடகுப் பிரிவுக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் எனக்கு
இரண்டுவிதக் கணக்கும் தெரியும் என்று
ஒரு காலம் நினைத்திருந்தேன்.

ஊரடங்கு போட்ட ஏழாம் நாள்
தலைமையகத்திலிருந்து எதிர்வுகூறல் வந்தது.
நீலக் கோடு ஏறியது: நகை வைப்போர்.
சிவப்புக் கோடு இறங்கியது: மீட்போர்.
மூன்று மாதத்துக்குப் பணம் இருப்பில் வைக்கவும்,
பெட்டகத்தில் இடம் ஒழிக்கவும்.
அடியில் பொடி எழுத்தில்:
கடந்த பதினைந்து ஆண்டுத் தரவின்படி.

அந்தப் பதினைந்து ஆண்டில்
வறட்சி இருந்தது, வேலைநிறுத்தம் இருந்தது,
மண் சரிந்து லயம் போன வருஷம் இருந்தது.
பஸ்சே ஓடாத மாதம்
ஒன்றுகூட இருக்கவில்லை.

சித்திரை முழுக்க ஒரு காப்பு வரவில்லை.
இல்லாமை இல்லாமல் இல்லை;
வட்டகொடையிலிருந்து வர வண்டி இல்லை.
ஒழித்த இடத்தில் விக்கிரமபால மாத்தயா
சானிட்டைசர் போத்தல்களை அடுக்கினார்.
நான் பூச்சியம் எழுதினேன்.
கொழும்பிலிருந்து தொலைபேசி:
"நிரப்ப மறந்துவிட்டீர்களா?"

பருப்புக்குத் தட்டுப்பாடு வரும் என்று
காலையில் வானொலி சொன்னது.
மத்தியானம் கடைவீதியில் பருப்பு இல்லை.
அந்த வருஷம் பலித்தது அது ஒன்றுதான்,
அதுவும் சொன்னதால் பலித்தது.

வைகாசிக் கடைசியில் கதவு திறந்தபோது
வரிசை பாலம் வரை.
வந்துவிட்டது நீலக் கோடு என்று
ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தேன்.
வந்தவர்கள் மீட்க வந்தவர்கள்.

பேச்சாயி, மேல்கணக்கு, வயது நாற்பத்தொன்று,
தோடு ஒரு சோடி, நாலரை கிராம்.
நோட்டுகளில் கொழுந்துக் கறை.
"கொழுந்துக்கு ஏது மிஸ் ஊரடங்கு?
பெரட்டுக்குப் போவாத நாளே இல்ல.
செட்டியார் தெருக் கடையில நின்ன மவனும் வந்துட்டான்,
லயத்துக்குப் பின்னால லீக்ஸ் போட்டிருக்கான்.
திருவிழா இல்ல, பஸ்சுக் காசு இல்ல,
மக சடங்குக்குப் பத்துப் பேருதான், பொலிசு சொல்லிருச்சு.
செலவழிக்க வழியில்லாமப் போச்சு."

இதை எந்த நிரலில் போடுவது?
"இதர" என்று போட்டேன்.

ஆனியில் கோட்டைத் திருத்தி அனுப்பினார்கள்.
இப்போது சிவப்பு ஏறியது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.
மீட்பு தொடரும். மீட்சி உறுதி.
நம்பினேன்.
நம்பாவிட்டால் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது?

ஐப்பசியில் மறுபடி மூடினார்கள்.
குவைத்தில் அவள் தங்கைக்கு வேலை போனது.
லொறி வராமல் லீக்ஸ்
பாத்தியிலேயே அழுகி உரமாயிற்று.
அதே தோடு, அதே கண்ணாடி,
தட்டில் அதே நாலரை கிராம்.

மார்கழியில் முடிச்சவிழ்த்துக் கொஞ்சம் காசோடு வந்து
கேட்டாள்: "இப்பவே திருப்பிரவா, பொறுக்கவா?"
வட்டிச் சலுகை நீளும், பொறுங்கள் என்றேன்.
கோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன்.
அந்தக் காசில் அவள்
மகளின் வகுப்புக்கு ஒரு ஃபோன் வாங்கினாள்.
சலுகை நீளவில்லை.
பங்குனியில் போன ஏல அறிவித்தலில்
கையெழுத்து என்னுடையது.

சம்பள நாளில் ஏடிஎம் வரிசையில் பார்த்தேன்.
கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன்,
அதுவும் தப்பு.
"ஃபோனுக்கு மேல்கணக்குல சிக்னல் இல்ல மிஸ்,
ஸ்டோர் மேட்டுல ஏறி நின்னுதான் படிக்கிறா" என்றாள்.

முகக்கவசத்தின் நாடா மாட்டிய காதில்,
தோடு கிடந்த துளையில்,
ஈர்க்குச்சித் துண்டு ஒன்று செருகியிருந்தது.
தூர்ந்துவிடக் கூடாதாம்.
எத்தனை மாதத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

உள்ளே என் மேசையில்
அடுத்த காலாண்டுக்கான படிவம் திறந்து கிடந்தது.